ஈயக்கற்களும் புர்மாகானும்

கணவாய்க்கு மேலே இருந்த அந்த ஆய்வு நிலையத்துக்கு புர்மாகான் வேலைக்கு வந்தபோது அங்கே பதினெட்டுப் பேர் இருந்தார்கள். வானத்திலிருந்து விழும் துகள்களை எண்ணுவதுதான் வேலை. காற்றின் உச்சியில் பிறந்து, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் கீழே பாய்கிற துகள்கள். அவற்றின் ஆயுள் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கே போதாது. ஆனாலும் மலைவரை வந்து சேர்ந்தன. ஓடுகிற வேகத்தில் அவற்றின் காலம் மெதுவாகிவிடுகிறது என்று கணக்கு சொன்னது.

அங்கே சாதிர் என்று ஒரு மின்பணியாளன். புர்மாகானைவிட மூன்று வயது இளையவன். அவளை எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். சாப்பாட்டு மேசையில் அவர்களுக்குள் ஓயாத ஒரு சண்டை.

"ஒளியோட வேகத்துல போனா எல்லா நட்சத்திரமும் முன்னாடி ஒரே எடத்துல குவிஞ்சுரும், எஜே. பின்னாடி கும்மிருட்டு."

"கொஞ்சம் கம்மியா போனா நீ சொல்றது சரிடா. சரியா அந்த வேகத்துக்குக் கணக்கு போட்டுப் பாரு. கெளம்புறதும் சேர்றதும் ஒண்ணாயிடும். பாக்க நேரம் ஏது?"

"அப்ப வழியில டீ குடிக்க எறங்க முடியாதுங்கறீங்க."

மேசையே சிரிக்கும்.

பிறகு சோவியத் யூனியன் உடைந்தது. சம்பளம் நின்றது. ஒவ்வொருவராக மலையிறங்கினார்கள். சாதிர் சந்தையில் கடை போடப் போனான். புர்மாகானுக்குக் கீழே போய்ச் சேர ஒரு வீடு இல்லை. எண்ணும் கருவிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. தினமும் காலையில் அளவைக் குறித்தாள். பாதை திறந்திருந்த மாதங்களில் நகரத்து நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பினாள். பதில் வரவில்லை. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் பேசாமல் இருந்ததில், ஒருநாள் தன் தும்மல் சத்தத்துக்கே திடுக்கிட்டாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு லாரி மேலே வந்தது. இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு இறங்கி நேராகக் கருவிக் கூடத்துக்கு நடந்தார்கள். வேண்டாத கதிர்களைத் தடுக்கக் கருவிகளைச் சுற்றி அடுக்கியிருந்த ஈயக்கற்களுக்குச் சந்தையில் நல்ல கிராக்கி. அவர்களைக் கூட்டி வந்தவன் சாதிர்.

வாசலில் அவளைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது. "இங்க யாரும் இல்லன்னு சொன்னாங்க எஜே."

"அப்ப நான் யாருடா?"

அவன் ஆட்களைப் பொறுக்கச் சொல்லிக் கைகாட்டினான். அவள் திட்டவில்லை, உள்ளே கூப்பிட்டு டீயும் ரொட்டியும் வைத்தாள். குறிப்பேடுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அவன் ஒன்றை எடுத்துப் புரட்டினான், இன்னொன்றை எடுத்தான். அன்று காலைவரை ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தது.

"இத யாரு எஜே படிக்கிறாங்க?"

"தெரியல. கல்ல எடுத்துட்டா இதுவும் நின்னுரும்."

சாதிர் எழுந்து வெளியே போனான். "டேய், தொடாதீங்க! கதிர்வீச்சு ஏறின ஈயம் இது. சந்தையில எவனும் வாங்க மாட்டான், கை வெந்துரும்!" பச்சைப் பொய். கடப்பாரைகள் லாரிக்குள் விழுந்தன. புறப்படும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வசந்தத்துல வரேன் எஜே, மாவு கொண்டாறேன்" என்று மட்டும் சொன்னான்.

லாரிச் சத்தம் அடங்கியபின் வந்த நாட்கள்தான் அவளுக்கு மிகவும் கடினமாக இருந்தன. பேசிப் பழகிய நாக்கு சும்மா இருக்க மறுத்தது. அடுப்போடு பேசினாள், அவன் கேட்பதாக வைத்துக்கொண்டு அந்தப் பழைய சண்டையை இரு குரலிலும் போட்டாள். பனி உருகிப் பாதை திறந்ததும் தினமும் அதன் முதல் வளைவுவரை நடந்து பார்த்தாள். அவன் வரவில்லை. அந்தக் கோடையில் வளைவுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

எட்டு வருடம் கழித்து நகரத்திலிருந்து புதிய ஆய்வாளர்கள் வந்தார்கள். குழுத்தலைவியான அய்ஜர்கின், புர்மாகானுடைய குறிப்பேடுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இப்படி விட்டுப்போகாத கணக்கு எங்ககிட்ட எங்கயுமே இல்ல, எஜே. நீங்க இங்கயே இருங்க. சம்பளத்துக்கு நான் பொறுப்பு."

"இருக்கேன். ஆனா சாயங்காலம் சாப்பிடும்போது யாராவது கூட உக்காரணும்."

அந்தக் கோடை முழுக்க உட்கார்ந்தார்கள். அவள் அதிகம் பேசவில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்டபடி ஒவ்வொரு தட்டிலும் இன்னும் கொஞ்சம் இறைச்சி வைத்தாள். முதல் பனிக்கு முன் அவர்கள் இறங்கினார்கள். புர்மாகான் மேசையைச் சுற்றிப் போட்ட ஆறு நாற்காலிகளையும் அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலை அளவைக் குறிக்கப் போனாள்.