இடது கைக்கு ஒரு கனத்த குச்சி

டிரம் அடிப்பவனிடம் குச்சியை இரவல் கேட்கக்கூடாது. என்னிடம் கேட்டால் நான் கொடுக்கவும் மாட்டேன். கஞ்சன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். என் குச்சிகள் வேறு யார் கைக்கும் சரிப்படாது, அவ்வளவுதான்.

எழுபதுகளில் ஆரணியில் எங்கள் சர்ச்சுக்காரர்கள் சேர்ந்து ஒரு பேண்ட் செட் வைத்திருந்தோம். பகலெல்லாம் பட்டுத்தறியில் உட்கார்ந்திருப்பேன். கல்யாணம், சாவு என்று யாராவது கூப்பிட்டால் சின்ன டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கல்யாணத்தில் அடிப்பது பெரிய வித்தை இல்லை. சத்தம் வந்தால் ஜனங்களுக்குச் சந்தோஷம். சாவில்தான் அடிப்பவன் கை எப்படிப்பட்டது என்று தெரியும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சவ ஊர்வலம் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்ததும் கிளாரினெட், டிரம்பெட், பெரிய டிரம் எல்லாம் ஓய்ந்துவிடும். அதற்குமேல் சின்ன டிரம் ஒன்றுதான். இரண்டு குச்சியும் மாறி மாறி, நடுவில் இடைவெளியே தெரியாமல், தூறல் விழுகிற மாதிரி மெல்ல உருண்டுகொண்டே இருக்கவேண்டும். உருட்டு என்போம். பெட்டியைக் குழிக்கு மேலே கயிற்றில் தாங்கிப் பிடிக்கிறவரைக்கும் உருட்டு போகும். இறக்கு என்று யாரும் வாயால் சொல்வதில்லை. உருட்டு நின்றால் இறக்குவார்கள்.

அந்த உருட்டுதான் எனக்கு வராது. வலது குச்சி கேட்கும், இடது குச்சி அமுங்கிவிடும். எங்கள் பேண்ட் மாஸ்டர் கிளாரினெட் வாசிப்பவர், பள்ளிக்கூட வாத்தியார், நாக்கில் நெருப்பு வைத்திருப்பவர். ஒருநாள் அடக்கம் முடிந்து திரும்பும்போது எல்லார் எதிரிலும் சொன்னார்: “உனுக்கு உருட்டு வர்ற வரைக்கும் கல்யாணத்துக்கு மட்டும் வாய்யா. சாவுக்கு வாணாம். பொணம் நொண்டிகினு போவுற மாதிரி கீது.”

எனக்கு வந்த கோபத்துக்கு டிரம்மைக் கீழே போட்டு மிதித்திருப்பேன். நம் ஜனங்கள் தங்கள் செத்தவர்களை நம்பி ஒப்படைக்கிற கை என்று ஒன்று இருக்கிறது. அது என் கை இல்லை என்று சொல்லிவிட்டார். அடுத்து வந்த சாவுகளில் நான் வெறுங்கையோடு கூட்டத்தில் நடந்தேன். அவமானம் தாங்கவில்லை.

குற்றத்தைக் குச்சியின்மேல் போட்டேன். மெட்ராசுக்குப் போய் ஒரு மியூசிக் கடையில் மணிக்கணக்கில் நின்றேன். ஒவ்வொரு குச்சியையும் கண்ணாடி மேஜைமேல் உருட்டி வளைசல் இருக்கிறதா என்று பார்த்தேன். நெற்றியில் தட்டி நாதம் கேட்டேன். ஒரே எடை, ஒரே நாதம் உள்ள இரண்டைத் தேடி எடுத்தேன். கடைக்காரர் கொட்டாவி விட்டார். முதலில் தடித்த ஜோடி வாங்கினேன். வலது கை தோலைக் கிழித்துவிடும் போல முழங்கியது. பிறகு மெல்லிய ஜோடி வாங்கினேன்; இடது கை செத்தே போயிற்று. என் மனைவி ராட்டையில் தறிக்கு ஊடை நூல் சுற்றிக்கொண்டே, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றாள். அன்றைக்கு அவளோடு நான் பேசவில்லை.

அப்புறம் சந்தவாசலில் ஒரு கல்யாணம். நடு ஊர்வலத்தில் மெல்லிய குச்சி ஒன்று முறிந்தது. பையில் பழைய தடித்த ஜோடியில் மிஞ்சிய ஒற்றைக் குச்சி கிடந்தது. அதை இடது கையில் பிடித்துக்கொண்டு எப்படியோ ஒப்பேற்றினேன். மறுநாள் காலை அதே இரண்டையும் வைத்துக்கொண்டு மடித்த கோணிமேல் தட்டிக்கொண்டிருந்தேன். மனைவி சுற்றிக்கொண்டிருந்த ராட்டை நின்றது.

“ஏங்க, இன்னா பண்ணீங்க? எடது கை கேக்குது.”

“குச்சி ஒடஞ்சிடுச்சி. கெடச்சத வெச்சி அடிச்சிகினு கீறேன்.”

“அப்ப இதுதாங்க சரி. தறில ஒரு கை கயிற சுண்டுது, ஒரு கை பலகைய இழுத்து அமுக்குது. அதே கையத்தான டிரம்முக்கும் எத்துகினு போறீங்க? ரெண்டுக்கும் ஒரே குச்சின்னா எப்படி?”

நான் இல்லாத நாளில் என் தறியில் உட்காருகிறவள் அவள்தான். எனக்குச் சட்டென்று புரிந்தது. ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவை ஓடவிடக் கயிற்றைச் சுண்டிச் சுண்டி என் வலது கைக்குத் துள்ளல் வந்துவிட்டது. ஊடையை அடித்து நெருக்குகிற இடது கைக்கு அமுக்க மட்டும்தான் தெரியும். அமுக்குகிற கையில் மெல்லிய குச்சி எழும்பாது. கனத்த குச்சி என்றால் தானே விழும், தானே எழும். எங்கள் செட்டில் தறிக்காரர்கள் எத்தனையோ பேர் சின்ன டிரம்மைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடியாமல் கீழே வைத்திருக்கிறார்கள். எல்லோரும் குச்சிக்குக் குச்சி பொருத்தம் பார்த்தோமே தவிர, ஒருவனும் கையைப் பார்க்கவில்லை.

புரிந்தாலும் வீம்பு விடவில்லை. “ஜோடின்னா ஜோடியா இருக்கணும். செட்டுல சிரிப்பானுங்க” என்றேன்.

“நம்ம ரெண்டு பேரும் ஒரே எடையா? பாஸ்டரு ஜோடி சேத்து வெக்கல?”

நான் அப்போது ஊதினால் பறந்துவிடுவேன். அவள் நல்ல கனம். நடந்து வந்தால் பரணில் பாத்திரம் பேசும் என்று நானே கேலி செய்வேன். சிரிக்காமல் என்ன செய்வது?

தறிச் சாமான் கடைகிற பட்டறைக்கு அவளும் கூட வந்தாள். புளியங்கட்டையில் ஒற்றைக் குச்சி வேண்டும் என்றதும் கடைசல்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். கடைந்து கொடுத்ததை இவள் தன் இடது கையில் வாங்கி மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். குச்சியின் கழுத்தை இன்னும் கொஞ்சம் இழைக்கச் சொன்னாள். திரும்பவும் வாங்கிப் பார்த்து, “இது போதும்” என்று என்னிடம் நீட்டினாள். வலது கைக்கு மெட்ராஸ் குச்சி, இடது கைக்கு அவள் எடுத்த குச்சி. பழகப் பழக உருட்டு கூடிவந்தது. ஒருநாள் பேண்ட் மாஸ்டர் கேட்டுவிட்டு, குச்சிகளை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். “நாளைக்கு ஒரு அடக்கம் கீது. வந்துடு” என்றார். அதற்குப் பிறகு சாவு என்றால் என் கைதான்.

எண்பதுகளின் கடைசியில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், பத்தியம் பார்த்தோம். வேலூருக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்திருந்தது. வேனில் திரும்பக் கொண்டுவந்தோம்.

செட் முழுக்க வந்து நின்றது. புருஷன் பெட்டிக்குப் பின்னால் நடக்கவேண்டும், அடிக்கக்கூடாது, அதுதான் முறை. என் டிரம்மைப் பெரணமல்லூரிலிருந்து வந்த ஒரு விவசாயி எடுத்துக்கொண்டார். செட்டில் அவ்வப்போது வாசிப்பவர், நல்ல கை. பையில் இருந்த என் குச்சிகளையே எடுத்திருக்கிறார். அப்போது என் கண்ணில் அது படவில்லை. நாங்கள் போன தெருவெல்லாம் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக அடங்கியது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் பாட்டு நின்றது. உருட்டு தொடங்கியது.

நொண்டியது. அவருக்கு இரண்டு கையும் சமம். அந்தச் சமமான கைகளில் என் கனத்த குச்சி தொம்மென்று விழுந்தது, மெல்லியது கேட்கவே இல்லை. பொணம் நொண்டிக்கொண்டு போகிற மாதிரி. எனக்குத் துக்கத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. யார் வேண்டுமானாலும் நொண்டிப் போகட்டும், இவள் போகக்கூடாது. நேரே போய்க் கையை நீட்டினேன். அவர் பயந்துபோய் டிரம்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

என் மனைவியின் தம்பி ஓடிவந்து தோளைப் பிடித்தான். “மாமா, இன்னா இது? பொண்டாட்டி சாவுல யாராவது அடிப்பாங்களா? ஜனங்க இன்னா பேசும்?”

“பேசட்டும். நீ போயி கயித்த புடி.”

அடித்தேன். தூறல் போல விழுந்தது. என் வாழ்நாளில் அப்படி ஓர் உருட்டு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பெட்டி குழிக்கு மேலே வந்தது. போதகர் நகர்ந்து நின்றார். எல்லார் கையிலும் கயிறு சரியாக இருந்தது. நான் நிறுத்தவேண்டிய இடம் அது.

நிறுத்த முடியவில்லை. நான் நிறுத்தினால் அவள் மண்ணுக்குள் போய்விடுவாள். அடித்துக்கொண்டிருக்கிறவரைக்கும் அவள் எங்களோடு வெளிச்சத்தில் இருப்பாள். பேண்ட் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். என் வலது கை சோர்ந்தது. இடது கை மட்டும் சோரவே இல்லை. அவள் எடுத்த குச்சி தானே விழுந்தது, தானே எழுந்தது.

கயிற்றைப் பிடித்திருந்தவர்களின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. மச்சான் முகமெல்லாம் வேர்வையும் கண்ணீருமாக என்னைப் பார்த்தான்.

“மாமா, அக்கா கனமா கீது. கை தாங்கல, நிறுத்துங்க.”

நிறுத்தினேன்.