லிஃப்ட் அக்காவின் நம்பர்

லிஃப்ட் அக்காவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமா? போலி உதிரிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்து, கடைக்காரர் மூஞ்சிக்கு நேரே திருப்பிக் கொடுக்கிறவள். நாற்பது லிஃப்டுகளுக்கு அவள்தான் மெக்கானிக். ஒவ்வொன்றிலும் கண்ணாடிக்குக் கீழே அவள் போன் நம்பரைச் சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தாள். உள்ளே மாட்டிக்கொண்டால் கூப்பிடலாம்.

லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கினால் சிக்னல் செத்துவிடும். அப்போது வருகிற அழைப்பு தானாக வீட்டிலிருக்கும் நாத்தனாருக்குப் போகும்படி பார்வர்டு போட்டு வைத்திருந்தாள். அதற்கென்று நட்சத்திரம், எண், சதுரம் (#) என்று குறியீடுகளை அடித்து அடித்து அவளுக்குக் கை பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் காலை வாரியது.

ஒரு நாள் காலையில் போன் கம்பெனி ஆள் என்று ஒருத்தன் கூப்பிட்டான். தேன் ஒழுகும் குரல். "மேடம், உங்க லைன்ல கால் பார்வர்டிங் பழுது. நட்சத்திரம் இருபத்தொன்னு, நட்சத்திரம், அப்புறம் நான் சொல்ற நம்பர், கடைசியா சதுரம்."

ஐயோ, நாத்தனாருக்குப் போகிற அழைப்பு தவறிவிடுமே என்று மடமடவென்று அடித்தாள். அவள் வழக்கமாகப் போடுவது அறுபத்திரண்டு: போன் கிடைக்காதபோது மட்டும் திருப்பிவிடும். இருபத்தொன்றோ எல்லா அழைப்பையும் திருப்பிவிடும். போன் கையிலேயே இருக்கும், மணி அடிக்காது. வங்கியோ மெசேஜ் அனுப்பும் ஆப்போ ரகசிய எண்ணைக் குரலில் சொல்ல அழைத்தால், அதுவும் அந்தப் படுபாவி காதுக்குத்தான் போகும்.

மத்தியானம் வரை ஒரு மணிகூட அடிக்கவில்லை. "அப்பாடா, இன்னிக்கு ஒரு லிஃப்டும் மக்கர் பண்ணல!" என்று சந்தோஷப்பட்டாள், பாவம்.

அப்போதுதான் நாலு தெரு தள்ளியிருக்கும் அடுக்குமாடியின் வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்னக்கா நீ? மூக்குக்கண்ணாடிக் கடைப் பெரியவர் லிஃப்டுல மாட்டி ஒரு மணி நேரம் ஆச்சு! இதய நோயாளிக்கா அவர்!"

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. மேலே மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, கையாலேயே லிஃப்டைத் தளத்துக்கு இறக்கிக் கதவைத் திறந்தாள். பெரியவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

"பன்னெண்டு தடவை கூப்பிட்டேம்மா," என்றார். "எவனோ எடுத்தான். மாட்டிக்கிட்டேன்னு சொன்னேன். சிரிச்சிட்டு வச்சிட்டான்."

அக்கா போனை வெளியே எடுத்தாள். அங்கேயே நின்று நட்சத்திரம், சதுரம், இருபத்தொன்று, சதுரம் என்று அடித்துப் பார்த்தாள். காலையில் அவன் சொன்ன நம்பருக்குப் பார்வர்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு சதுரம், பூஜ்யம் பூஜ்யம் இரண்டு, சதுரம் என்று அடித்து எல்லாவற்றையும் ரத்து செய்தாள். நாத்தனாருக்குப் போட்டதும் சேர்ந்து போயிற்று. அதைத் திரும்பப் போட்டாள். வங்கிக்கும் போலீஸுக்கும் சொன்னாள்.

வீட்டில் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணி, வெளிய மூச்சு விடாதீங்க. ஊரே சிரிக்கும். நாளைக்கு எவன் வேலை குடுப்பான்?"

"சிரிக்கட்டுமே! சிரிச்சா எனக்கு என்ன, பல்லா கொட்டிடும்?" என்றாள் அக்கா.

மறுநாள் முதல் பெயிண்ட் டப்பாவோடு நாற்பது லிஃப்டுக்கும் போனாள். தன் நம்பருக்குக் கீழே நாத்தனார் நம்பரையும் எழுதி, "வேறு யாராவது எடுத்தால் இதில் கூப்பிடவும்" என்று சேர்த்தாள். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்: "போன்ல எவன் என்ன குறியீடு சொன்னாலும் அடிக்காதீங்க. நான் அடிச்சுட்டு முழிச்சேன்." இரண்டு கட்டிடக்காரர்கள் அவளை வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள். போங்கடா என்று மிச்ச லிஃப்டுகளைப் பார்த்தாள். தினமும் காலையில் முதல் வேலையாகத் தெரியாத நம்பருக்குப் பார்வர்டு ஏதும் இருக்கிறதா என்று போனில் சோதித்தாள்.

பெரியவர் மட்டும் லிஃப்டில் கால் வைக்க மறுத்தார். நோஞ்சான் இதயத்தோடு நாலு மாடி, படிப்படியாக. வாட்ச்மேன் சொல்லக் கேட்டபோதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் போன் அடித்தது.

"நீதானேம்மா?"

"நான்தாங்க ஐயா! என்ன ஆச்சு? மாட்டிக்கிட்டீங்களா?"

"இல்லம்மா. இன்னும் ஏறல. லிஃப்ட் வாசல்லதான் நிக்கிறேன்." கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "லைன்லயே இரு."

லிஃப்ட் நாலு மாடியும் ஏறி முடியும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.