வெள்ளைச் சேலையோடு கார் ஓட்டிய வெள்ளிக்கிழமை

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகன் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான். தாய் மகளோடு இருப்பாள். அப்படியிருக்க, சுனாமிக்குப் பிறகு நான் மகனின் பெண்சாதி வீட்டில், அதாவது அவளின் தாயான என் சம்பந்தியின் வீட்டில், போய் இருக்க வேண்டி வந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த எங்கள் வீட்டையும் என் மனிசனையும் கடல் ஒன்றாகவே கொண்டு போய்விட்டது. அது என் மகளுக்கென்று கட்டிய வீடு. மகள் அப்போது கட்டார் நாட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள்.

சம்பந்தி என்னைப் பட்டினி போடவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சோற்றுக் கோப்பையை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. மகளை வரச்சொல்ல வேண்டும், அவளோடு ஒரு கொட்டிலிலாவது இருக்க வேண்டும் என்பதுதான் என் மனதில். ஆனால் போன் நடு வீட்டில் இருந்தது. பக்கத்திலேயே சம்பந்தி இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். சுகமாக இருக்கிறேன் மகள் என்பதைத் தவிர என்னத்தைச் சொல்ல?

மருமகள் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கிறவள். பக்க அறையில் ஒன்று வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் கட்டார் வீட்டுக்காரர் வெளியே போனதும், மகள் அந்த வீட்டுப் பிள்ளைகளின் கொம்பியூட்டரில் வந்து எழுத்தில் கதைப்பாள். நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டுவாள். அவள் வீட்டில் என்னால் இருக்க ஏலாது என்று அவளிடமே சொல்லித் தட்டச் சொல்வதா? நான் மழையைப் பற்றிச் சொல்லுவேன்.

ஒருநாள் அவளாகவே, "மாமி, நீங்களே எழுதினா என்ன?" என்று கேட்டாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து என்னிடம் இருந்தது. ஆனால் கடல் வந்த அன்று கதவுக்குள் நசுங்கிய வலக்கை விரல்கள் மடங்காது. மவுசைப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். எழுத்துக் கட்டைகளில் கை வைத்தால் ஒரே எழுத்து வரிசையாக ஓடும்.

மருமகள் போய் ஒரு விளையாட்டுச் சாமானை எடுத்து வந்தாள். நிவாரணப் பெட்டியொன்றில், எங்கள் வெயிலில் யாரும் போடாத கம்பளிச் சட்டைகளுக்குள் வந்து கிடந்தது. இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்து, பெருவிரல்களால் கேம் விளையாடுகிற சாமான். அதன் வயரைக் கொம்பியூட்டரில் செருகி நெடுநேரம் என்னவோ செய்தாள். பிறகு என் கையில் தந்தாள். இடப்பக்கக் குமிழைப் பெருவிரலால் தள்ள, திரையில் அம்புக்குறி ஊர்ந்தது. தமிழ் எழுத்துகள் திரையிலேயே கட்டம் கட்டமாக நின்றன. வேண்டிய எழுத்தின் மேல் அம்பை நிறுத்தி, மற்றப் பெருவிரலால் பொத்தானை அமத்த வேண்டும். என் பெருவிரல்களுக்குக் கடல் ஒன்றும் செய்யவில்லை. முதல் எழுத்து விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். மனிசனின் ஆண்டுத் திவசம் முடியாமல் இருக்கிறவள் சிரிக்கிறாளே என்று எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.

அடுத்த வெள்ளி மகள் திரையில் வந்ததும் மருமகள் என் பக்கத்தில் இருந்து எழும்பினாள். சமைக்கக் குசினிக்குப் போய்விட்டாள் என்று நினைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதினேன். இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்குதில்லை, வெட்கமாக இருக்கிறது, என்னைக் கூட்டிப்போக வா மகள். அனுப்புகிற பொத்தானுக்கு அம்பைக் கொண்டு போகும்போது, சம்பந்தி தெருப் பெண்கள் இரண்டு பேரோடு அறைக்குள் வந்துவிட்டார். என்னைப் பார்க்க வந்த பெண்கள். அவர்கள் பார்த்தது என் கையில் இருந்ததைத்தான்.

"என்ன மச்சாள், புருசன்ட ஆண்டுத் திவசமும் முடியல்ல. கேமா விளையாடுறீங்க?" என்றார் சம்பந்தி.

அவருக்கு வாசிக்கத் தெரியும். திரையில் என் எழுத்து பெரிது பெரிதாகக் கிடந்தது. அப்போது என் தோளுக்கு மேலால் ஒரு கை வந்து கட்டையில் எதையோ தட்டியது. என் எழுத்து மறைந்து, ஒரு ரோட்டும் சிவப்புக் காரும் வந்தன. மருமகள் எனக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள்.

"நான்தான் விளையாடச் சொன்னன் அம்மா. விரலுக்கு நல்லம். ஓட்டுங்க மாமி."

நான் ஓட்டினேன். வேறு என்ன செய்ய? வெள்ளைச் சேலையோடும் வெறும் நெற்றியோடும் இருந்துகொண்டு, அந்தப் பெண்களுக்கு முன்னால் கார் ஓட்டினேன். சம்பந்தி கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். கார் போய் மதிலில் மோதி மோதி நின்றது. "காரைத் திருப்புகா, மதிலுக்குள்ளயா வீடு கட்டப் போறாய்?" என்று வந்த ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பக்கம் என் பிள்ளை என் எழுத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில் எனக்குக் கண் மறைத்தது. மறுபடியும் மோதினேன்.

தேத்தண்ணி குடிக்க அவர்கள் போன பிறகு மருமகள் பழையபடி திரையை மாற்றினாள். மகள் எழுதியிருந்தாள்: அம்மா? அம்மா, இருக்கிறீங்களா? அதற்குக் கீழே என் எழுத்து அனுப்பாமலே கிடந்தது. அதை மருமகள் வாசித்துவிட்டுத்தான் மறைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பகல் நான் தின்ற சோறும் மீன்குழம்பும் அவள் ஆக்கியது. முதுகு கூசியது. திரும்பிப் பார்க்காமல், அதை அழிக்க அம்பைத் தேடினேன்.

"அழிக்காதீங்க மாமி. அனுப்புங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவளும் வெளியே போய்விட்டாள்.

அனுப்பினேன். வாறன் அம்மா என்று வந்தது.

மகள் வந்தாள். கொட்டிலில் இருந்தோம், பிறகு அவள் பேரில் ஒரு வீடு கிடைத்தது. நாட்டில் சண்டை முடிந்த வருடம் சம்பந்தியும் மருமகளும் எங்களைப் பார்க்க வந்தார்கள். சம்பந்தி என் மகளிடம், "உன்ட அம்மா வெள்ளைச் சீலையோட கார் ஓட்டினவ, தெரியுமா?" என்று சொல்லிச் சிரித்தார். மருமகள் குனிந்து கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான், ஓம் மச்சாள், ஓட்டினேன்தான் என்றேன்.

பிறகு சோறு போட்டேன். சம்பந்தி சாப்பிட்டு முடித்து, கூச்சமில்லாமல் கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க மச்சாள்."

அப்படி நீட்ட எனக்கு அவர் வீட்டில் ஒருநாளும் கை வரவில்லை. போட்டேன். அப்போதும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.