வீடு வீடாகப் போன குரல்

நெய்வேலியில் ஷிப்ட் சங்கு ஊதினால் எல்லோரும் ஓடுவார்கள். பெரியநாயகி மட்டும் நின்றுவிடுவாள். பால் வாங்கப் போகிற வழியென்றாலும் சரி, குவார்ட்டர்ஸ் வாசலில் கோலம் பாதியில் இருந்தாலும் சரி, சங்கு அடங்கும் வரை அப்படியே நிற்பாள்.

"சாமி வந்த மாதிரி நிக்கிறியே, என்னடி?" என்று பக்கத்து வீட்டு சந்திரா கேட்பாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு மணிச் சத்தம் ஞாபகம் வந்துது."

அந்த மணியை அவள் அடித்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில்.

கம்மாபுரம் பக்கத்தில் இருந்த அவர்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்த பெரியநாயகிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அறுபத்திரண்டில், உறவில் ஒரு கல்யாணத்துக்கு இலங்கை ஹட்டனிலிருந்து சின்னம்மா சாமியம்மாள் வந்திருந்தாள். அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க தோட்டத்து லயத்துல ஒரு புள்ளைக்கும் தன் பேரு எழுதத் தெரியாது. வாத்தியாருன்னு வர்றவன் குளிருங்கறான், அட்டை கடிக்குதுங்கறான், ஓடிப்பூடறான். நீ ஒரு வருசம் வந்து சொல்லிக் குடேன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். பெரியநாயகிக்கு அது மனதில் தைத்துவிட்டது. சம்பளமில்லாத லீவு கேட்டுப் போய் நின்றாள். எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"கல்யாணமா?"

"இல்லீங்க சார். இலங்கையில புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க."

"அங்க என்ன சம்பளம்?"

"ஒண்ணுமில்லீங்க."

"இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. இது வேலையா, வேண்டுதலாம்மா?"

லீவு கொடுத்துவிட்டார். "வடலூர் போறதுக்கே தொணை தேடுற பொண்ணு" என்று அப்பா முனகிக்கொண்டே தனுஷ்கோடிக் கப்பல் வரை வந்து ஏற்றிவிட்டார். அறுபத்துநாலு புயலுக்குப் பிறகு அந்தக் கப்பலும் இல்லை, தனுஷ்கோடியும் இல்லை.

லயம் என்பது மலையடியில் ஒரே கூரைக்குக் கீழ் நீளமாக ஓடும் வீட்டு வரிசை. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒரு பழைய கொட்டகையைத் திறந்துவிட்டார். கூடவே ஒரு நிபந்தனை.

"உங்க பள்ளிக்கூடத்தால தோட்டத்து வேலை கெட்டா, அன்னைக்கே பூட்டு."

தேயிலைப் பெட்டிப் பலகையில் கரி பூசிக் கரும்பலகை தயாரானது. பிள்ளைகள்தான் சேர்ந்தாற்போல் வரவில்லை. எந்த வீட்டிலும் கடிகாரம் கிடையாது. ஒன்று வரும்போது மற்றொன்று ஓடைக்குப் போயிருக்கும். சங்குச் சத்தத்தில் எழுந்து சங்குச் சத்தத்தில் சாப்பிடும் ஊரிலிருந்து வந்தவள் பெரியநாயகி. அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. ஒரு தண்டவாளத் துண்டைத் தேடிப்பிடித்து மரத்தில் கட்டினாள். மத்தியானம் இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தாள்.

சத்தம் மலை ஏறியது. கொஞ்ச நேரத்தில் மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வரிசையாக இறங்கத் தொடங்கினார்கள். பெரியநாயகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பார்க்க மலையே இறங்கி வருகிறது என்று நினைத்து முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

அவர்கள் வந்தது கொழுந்து நிறுக்க. தோட்டத்தில் மணி அடித்தால் நிறுவை என்று அர்த்தம்.

"அரைக்கூடைக் கொழுந்தோட எறங்கி வந்துட்டமே" என்றாள் வீராயி, முதலில் வந்தவள். "திரும்ப ஏறணும் டீச்சரம்மா. நீங்க வந்து காலு புடிச்சி விடுறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை.

"உங்க ஊர் சொரங்கம்னு நெனச்சிட்டீங்களா? இன்னொரு வாட்டி மேல சத்தம் கேட்டுது, கொட்டகை இல்ல." தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்.

மறுநாள் வந்த பிள்ளைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கொட்டகைப் படியில் உட்கார்ந்து பெரியநாயகி எக்ஸ்சேஞ்சை நினைத்துக்கொண்டாள். நெய்வேலியிலிருந்து மெட்ராசுக்கு யாரும் கத்துவதில்லை. அவள் கடலூரைக் கூப்பிடுவாள். கடலூர் மெட்ராஸைக் கூப்பிடும்.

சின்னம்மாவின் வீடு லயத்தில் முதல் வீடு. கால் மூட்டு விட்டுப்போனதால் அவள் மலைக்குப் போவதில்லை. பெரியநாயகி சொல்லிக் கொடுத்தபடி பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவில் மட்டும் சொன்னாள்.

"எழுத்துக்கு வாங்க புள்ளைங்களா."

பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றுக் கிடந்தவள் அதை அடுத்த வீட்டுக்குச் சொன்னாள். அங்கே காய்ச்சல்காரர் ஒருவர். இப்படியே வீடு வீடாகப் போய், கடைசி வீட்டிலிருந்து "வந்தாச்சு" என்று அதே வழியில் திரும்பி வர வேண்டும். எக்ஸ்சேஞ்ச் வழக்கம் அது. போனது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் விடக் கூடாது. போகிற வழியில் ஒவ்வொருவரும் தன் பங்குக்குச் சேர்த்தார்கள். "மூக்கத் தொடச்சிக்கினு வாங்க" என்றது ஒரு வீடு. கடைசி வீட்டைச் சேரும்போது "டீச்சரம்மா முட்டாய் தர்றாங்களாம்" என்றாகியிருந்தது. அதனால் கடைசி வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் வந்தார்கள்.

கணக்கப்பிள்ளை ஒருநாள் மலைமேல் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டார்.

வருஷம் முடிந்தபோது வீராயியின் மூத்த மகள் பலகைக்கு முன்னால் நின்றாள். "நீ போ. நான் கூப்புடறேன், அவ சொல்லிக் குடுக்கட்டும்" என்றாள் சின்னம்மா. "சத்தம் மட்டும் மேல போவக் கூடாது சின்னம்மா" என்று பெரியநாயகி திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வந்தாள். எக்ஸ்சேஞ்சில் அவள் நாற்காலி காலியாகவே இருந்தது. ஹெட்போனை மாட்டிய முதல் நாள், கடலூர் பதில் சொல்வதற்குள் அவள் காதில் லயத்து வீடுகள் ஒவ்வொன்றாக வந்து போயின. பனியும் ஈரச் சுவர் வாசனையும் வந்தன. அது பிறகு எப்போதும் நிற்கவில்லை.

இரண்டு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஜனங்களை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, அறுபத்தொன்பதில், ஒரு தகரப் பெட்டியோடு சாமியம்மாள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து இறங்கினாள். தண்ணீர் குடித்து முடிக்கும் வரைதான் பெரியநாயகியால் பொறுக்க முடிந்தது.

"பள்ளிக்கூடம் நடக்குதா சின்னம்மா?"

"நடந்துச்சி. மொதல்ல நடுவுல ஒரு வூடு காலியாச்சி. கொஞ்சம் ஒரக்கச் சொன்னோம், கேட்டுச்சி. அப்பறம் வீராயி வூடு. அவ மவளும் போனதும், அவகிட்டப் படிச்ச புள்ள ஒண்ணு பலகைக்கு முன்னால நின்னுச்சி. அப்பறம் வரிசையா நாலு வூடு. அதத் தாண்டிக் கேக்கணும்னா கத்தணும்."

"கத்தியிருக்கலாமே."

"சத்தம் மேல போவக் கூடாதுன்னு நீதானடி சொல்லிட்டு வந்த?"

பெரியநாயகி காலி டம்ளரை எடுத்து வைத்தாள்.

"கெளம்புற அன்னிக்கும் கூப்புட்டேன்" என்றாள் சாமியம்மாள். "பக்கத்து வூட்டுல ஆளில்ல. செவுத்துக்குச் சொல்லிட்டு வந்தேன்."

அப்போது சங்கு ஊதியது. சாமியம்மாள் பதறி எழுந்தாள். அடங்கியதும் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"இன்னாடி இது, இம்மாஞ் சத்தம்! பக்கத்து வூட்டுக்குச் சொன்னா போதாதா?"

பெரியநாயகி வாசலுக்குப் போனாள். சந்திரா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"சந்திரா, எங்க சின்னம்மா இலங்கையிலேருந்து வந்துட்டாங்க. அடுத்த வீட்டுக்குச் சொல்லு."

"எதுக்குடி?"

"சும்மா சொல்லு. அவங்களையும் அடுத்த வீட்டுக்குச் சொல்லச் சொல்லு."

சந்திரா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள்.

பெரியநாயகி படியிலேயே நின்றாள், குரல் திரும்பி வருகிறதா என்று.