உங்கள் தோல் எத்தனை புள்ளி?

1. மிளகாய்ப் பழி

காரைக்கால் மார்க்கெட்டுக்குப் பின்புறம் இருந்த மாவு மில்லில் மிஷின் ஓட்டிய முதல் பொம்பிளை நான்தான். பெருக்கவும் மூட்டை தைக்கவும் பெண்கள் இருந்தார்கள். பெல்ட்டை மாட்டி, அரைக்கும் கல்லைத் தட்டிச் சரிசெய்து, அரைத்துக் கொடுக்கும் வேலை எனக்கு முன்னால் எந்தப் பெண்ணுக்கும் தரப்படவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. எழுபதுகளின் கடைசியில் நடந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். முகத்துக்கு என்ன போடலாம் என்று இன்றைக்கு என்னைக் கேட்கிற பெண்களுக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

அரிசி மிஷின் கோவிந்தசாமியிடம். மிளகாய், மல்லி, மஞ்சள், சீயக்காய், குளியல் பொடி எல்லாம் அரைக்கிற சின்ன மிஷின் என்னிடம். மிளகாய் ஓடிய மிஷினில் குளியல் பொடி அரைப்பதென்றால் முதலில் பச்சரிசியை ஓட்டிக் கழுவ வேண்டும். கடைசியாக விழும் அரிசி மாவில் ஒரு சிட்டிகை எடுத்து என் கண்ணுக்குக் கீழே தேய்த்துப் பார்ப்பேன். எரிந்தால் மறுபடியும் அரிசி ஓடும். எரியவில்லை என்றால்தான் பொடியில் கை வைப்பேன். இது எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நானாகப் பிடித்த பழக்கம்.

ஒரு நாள் காலையில் பூவத்திலிருந்து ராசாத்தியம்மா மகள் கலாவை இழுத்துக்கொண்டு மில்லுக்குள் வந்தார். நெல் விவசாயக் குடும்பம். வைகாசியில் கலாவுக்குக் கல்யாணம். முந்தின வாரம்தான் கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டு நான் பொடி அரைத்துக் கொடுத்திருந்தேன். கலாவின் கன்னம் இரண்டும் சிவந்து, தோல் உரிந்து கிடந்தது.

"மொதலாளி எங்க? வரச் சொல்லுங்க! கல்யாணப் பொண்ணு மூஞ்சில மொளகாய அரைச்சுப் பூசிட்டாங்க!"

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கோவிந்தசாமி அரிசி மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல மொதலாளி? பொம்பள மிஷின்ல கைய வச்சா இப்புடித்தான். எங்கிட்ட குடுங்க, ரெண்டையும் நானே பாத்துக்கறேன்."

எனக்குக் காது சூடானது. வேறு எதற்குப் பழி வந்தாலும் பொறுத்திருப்பேன், மிஷின் சுத்தத்துக்கு வந்தால் பொறுக்க முடியாது. ராசாத்தியம்மா கையிலிருந்த டப்பாவை வாங்கினேன். பொடியைத் தண்ணீரில் குழைத்து என் கண்ணுக்குக் கீழே, உதட்டில், கழுத்தில் அப்பிக்கொண்டு எல்லார் முன்னாலும் நின்றேன். காய்ந்தது. எரியவில்லை.

"பாத்துக்குங்க மொதலாளி. மொளகா இருந்தா இந்நேரம் நான் குதிச்சிருப்பேன்."

கோவிந்தசாமி சிரித்தார். "இவ மூஞ்சியெல்லாம் ஒரு மூஞ்சியா? மொளகா மூட்டைக்கு எங்க காரம் ஏறும்? அந்த மாரி தோலு!"

மில்லே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் கேலிக்குச் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நான் பார்த்தது என் தோலில்தானே? கலாவின் தோலில் இல்லையே?

2. பெஞ்சில் உட்கார்ந்த தாயும் மகளும்

"ஏங்க, இந்தப் பொடிய வீட்டுல வேற யாராச்சும் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நாந்தான் போட்டேன். எதுக்குக் கேக்குற?"

"ஒங்களுக்கு எரிஞ்சுதா?"

ராசாத்தியம்மா என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். "எனக்கு எதுக்கு எரியப்போவுது?" என்றார் மெதுவாக. ஒரே டப்பா, ஒரே பொடி. தாய்க்கு ஒன்றுமில்லை, மகளுக்குத் தோல் உரிகிறது. மிளகாய் இருந்தால் இரண்டு பேருக்கும்தானே எரிந்திருக்க வேண்டும்?

இரண்டு பேரையும் குழாயடியில் வெறும் தண்ணீரில் முகம் கழுவச் சொன்னேன். தேய்க்கக்கூடாது, ஒற்றி எடுத்துவிட்டு ஒன்றும் பூசாமல் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். கருக்களாச்சேரியிலிருந்து ஒரு மீன்காரம்மா இடியாப்பத்துக்கு அரிசி கொண்டுவந்திருந்தார். அது அரைபட்டு முடியும்வரை எல்லாரும் காத்திருந்தோம்.

அரிசி முடிந்தபோது ராசாத்தியம்மாவின் நெற்றியும் மூக்கும் கன்னமும் எண்ணெய் தடவின மாதிரி மினுங்கின. கலாவின் முகமோ காய்ந்த வரப்பு மாதிரி வெளுத்திருந்தது.

"கலா, கொஞ்சம் சிரி."

"சிரிச்சா இழுக்குது அக்கா."

மீன்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுசரி, ஆத்தாளுக்கு மூஞ்சில எண்ணெ ஊறுது, மவளுக்கு ஊறல. ஒரே பொடிய ரெண்டு பேத்துக்கும் போட்டா?"

விஷயம் அவ்வளவுதான். கடலைப்பருப்பும் எலுமிச்சைத் தோலும் எண்ணெயை உறிஞ்சி எடுப்பவை. தாயின் முகத்தில் எடுக்க எண்ணெய் இருந்தது. மகளின் முகத்தில் இருந்த கொஞ்சத்தையும் வழித்து எடுத்துவிட்டது. அதோடு முகம் சீக்கிரம் பளிச்சென்று ஆக வேண்டுமென்று அவள் காலையும் மாலையும் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் வியாபாரி. "செல்லம்மா, நீ சொல்றது வெளங்குது. வெளிய போய் இந்தக் கதைய யாரு கேப்பா? மில்லுல மொளகா கலந்துட்டாங்கன்னுதான் பேசுவாங்க. கல்யாணத்துக்குள்ள அந்தப் பொண்ணு மூஞ்சி தேறணும். தேறலன்னா மிஷின கோவிந்தசாமிகிட்ட குடுத்துட்டு நீ மூட்ட தைக்கப் போ."

"தேறும் மொதலாளி" என்றேன். கலாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

3. கலாவுக்குச் சொன்னது

முதலில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். பொடி, சோப்பு, பவுடர், ஸ்நோ க்ரீம் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. வெயிலில் போனால் முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொள்ள வேண்டும். ராசாத்தியம்மாவுக்குத் திருப்தியில்லை.

"எண்ணெ பூசுனா கருத்துருவாளே. கொஞ்சம் செவப்பாக்கறதுக்கு ஏதாச்சும் சேத்து அரைச்சுக் குடேன்."

"கலர மாத்துற பொடி எங்கிட்ட இல்லங்க. எவகிட்டயும் கெடையாது. தோலு நல்லா இருந்தா எந்தக் கலரும் நல்லாத்தான் இருக்கும்."

சிவப்பு வற்றிய பிறகு கலாவுக்கென்று தனியாக அரைத்தேன். பாசிப்பயறும் பன்னீர் ரோஜா இதழும் மட்டும். மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்தேன். திப்பி ஒன்று இருந்தாலும் அந்தத் தோலைக் கீறும். பாலாடையில் குழைத்து, நாளுக்கு ஒரு தடவை, விரல் நுனியால் தடவிக் கழுவ வேண்டும். அதற்கும் முன்னால் முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி மறுநாள்வரை பார்க்கச் சொன்னேன். என் கண்ணுக்குக் கீழே பூசிப் பார்த்த பழக்கத்தை நான் விடவில்லை. அது மிஷினுக்கான சோதனை. தோலுக்கான சோதனையை அவரவர் தோலில்தான் செய்ய வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன்.

தாய்க்குப் பழைய பொடியே சரி. வீட்டில் டப்பா மாறிவிடக்கூடாதே! எனக்கு அப்போது எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும், பெயர் எழுதினால் டப்பா முழுக்க அடைத்துவிடும். ஆணி வைத்து மூடியில் தட்டினேன். தாய்க்கு ஒரு புள்ளி, மகளுக்கு மூன்று புள்ளி.

"ரெண்டு புள்ளி யாருக்குக்கா?" என்று கேட்டாள் கலா.

"நெத்தியும் மூக்கும் மினுங்கி, கன்னம் காயறவங்களுக்கு. அப்புடி ஒருத்தர் வருவாங்க பாரு."

4. நலங்கு

கல்யாணத்துக்கு முந்தின நாள் நலங்கு. எனக்குப் பயமே அதுதான். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் மஞ்சளை அள்ளிக் கன்னத்தில் அழுத்தித் தேய்ப்பார்கள். ஆசையில்தான் செய்வார்கள். தேறிய தோல் ஒரே நாளில் மறுபடியும் உரிந்துவிடும். நலங்குக் கிண்ணத்துக்கு நானே பாசிப்பயறு அரைத்து, நிறத்துக்கு மட்டும் மஞ்சள் சேர்த்துக் கொண்டுபோனேன். முதலாளியும் பத்திரிகை வந்ததால் வந்திருந்தார். நான் கூட்டத்தில் ஒரு தூணோரம் நின்றேன்.

மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், கனத்த உடம்பு, கிண்ணத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னடி இது, மஞ்சளே மஞ்சளா இல்ல?" என்று சொல்லி, தான் கொண்டுவந்த கொரகொரப்பான மஞ்சளைக் கை நிறைய அள்ளினார். ராசாத்தியம்மாவால் சம்பந்தி வீட்டாரைத் தடுக்க முடியவில்லை. என்னைப் பார்த்தார். நான் யார் அங்கே பேச?

கலா இரண்டு கையையும் நீட்டினாள். "அத்தே, கையில நல்லா பூசுங்க, கால்லயும் பூசுங்க. கன்னத்துல மட்டும் ஒரு பொட்டு வைங்க. நான் மூணு புள்ளி."

"அது என்னடி மூணு புள்ளி?"

கலா சொன்னாள். மினுங்குகிற முகம், காய்கிற முகம், பெஞ்சில் உட்கார்ந்தது, எல்லாம் சொன்னாள். அத்தை மஞ்சள் கையோடு நின்று கேட்டார். பிறகு கலாவின் கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"பட்டு மாரிதான் இருக்கு. ஏண்டி, எனக்கு மூக்கெல்லாம் எண்ணெ வழியுது, கன்னம் வெடிக்குது. நான் எத்தன புள்ளி?"

"ரெண்டு அத்தே!"

சிரிப்பு அடங்க நேரமானது. ஒரு பொட்டு மஞ்சள்தான் கன்னத்தில் ஏறியது. மறுநாள் மணவறையில் கலாவின் முகத்தில் ஒரு சிவப்பும் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் முதலாளி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கு சீக்கிரம் வா. பழைய சின்ன மோட்டார் ஒண்ணு கெடக்கு. குளியல் பொடிக்குத் தனி மிஷின் போட்ருவோம்."

5. பெஞ்சு

அதற்குப் பிறகு அந்தத் தனி மிஷினில் மிளகாய் ஏறியதே இல்லை. அரிசி அரைக்க வருகிற பெண்கள் முகத்தைக் கழுவிவிட்டுப் பெஞ்சில் உட்காருவார்கள். திருமலைராயன்பட்டினத்து முஸ்லிம் அக்கா ஒருவர், நாங்கள் லாத்தா என்போம், "நம்மளுக்கு ஒத்தப் புள்ளி, மகளுக்கு மூணு புள்ளிம்மா" என்று ஆள் அனுப்பி வாங்குவார். வெயில் காலத்தில் ஒரு புள்ளியாக இருந்தவர் மார்கழிக் குளிரில் இரண்டாக மாறுவதும் உண்டு. அதனால் பழைய வாடிக்கையானாலும் மறுபடியும் உட்காரவைப்பேன். முகத்தில் புண், சீழ் என்றால் பொடியே தரமாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடுவேன்.

ஒரு மழைநாளில் கூட்டம் இல்லை. அரிசி மிஷினும் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் கோவிந்தசாமி, முகமெல்லாம் ஈரமாக, ஒன்றும் பூசாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே?"

"சவரம் பண்ணா எரியுது. சும்மா பாத்து சொல்லு. நான் எத்தன புள்ளி?"

"மொளகா மூட்டைக்கு ஏதுண்ணே புள்ளி?" என்றேன். அவரே முதலில் சிரித்தார். பிறகு பொறுமையாகப் பார்த்து, மூன்று புள்ளி டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

நான் கற்றது இதுதான். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துப் பூசாதீர்கள். பெற்ற தாய்க்குப் பொருந்தியதுகூட மகளுக்குப் பொருந்தவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு அரிசி அரைபடக் காத்திருக்கும் நேரம், ஒரு அரை மணி, சும்மா உட்காருங்கள். உங்கள் தோலே சொல்லும்.