“தேய்க்காதீங்க சிஸ்டர்”

தொண்ணூறுகளின் கடைசியில் ஆர்த்தோ வார்டுக்கு நான் இன்சார்ஜ். மர்பி டவுன் பெயிண்டர் முனுசாமி, சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருந்தார். ஒரு காலை அவருடைய வால் எலும்புப் பக்கம் தோல் சிவந்திருந்தது. அது பெட் சோர் எனும் படுக்கைப் புண்ணாக மாறினால் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

நான் ஸ்பிரிட்டையும் பவுடரையும் எடுத்தேன். அந்த நாட்களில் பேக் கேர், அதாவது முதுகுப் பராமரிப்பு என்றாலே, சிவந்த இடத்தில் ஸ்பிரிட் ஊற்றி அழுத்தித் தேய்த்து, மேலே பவுடர் போடுவதுதான். ரவுண்ட்ஸ் வந்த நர்சிங் சூப்பரின்டென்டென்ட் லீலாவதி மேடம் என் கையைப் பிடித்தார்.

“தேய்க்காதீங்க சிஸ்டர். உள்ள சதை இன்னும் கெடும்னு ஆராய்ச்சில சொல்றாங்க. அடிக்கடி திருப்பிப் படுக்க வைங்க, போதும்.”

எனக்குச் சுருக்கென்றது. சரியாகத் தேய்க்கவில்லை என்று பிராக்டிகலில் என்னை பெயில் போட்டவரே இவர்தான். கேட்டேவிட்டேன்.

“ஆமா, நான்தான் போட்டேன். அப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்” என்றார். ஜூனியர்கள் எதிரில் எந்த மேலதிகாரி இப்படிச் சொல்வார்? என் கோபம் அங்கேயே ஆறிப்போனது.

முனுசாமியின் மனைவி கன்னியம்மாவுக்குத்தான் ஆறவில்லை. “இன்னா சிஸ்டர், நேத்து வரிக்கும் பவுடர் போட்டீங்க. இன்னிக்கி கண்டுக்காம உட்டுட்டீங்களே?”

“ஸ்வல்ப இரும்மா, கொஞ்சம் பொறு” என்று கன்னடம் கலந்து சொன்ன மேடம், முனுசாமியைத் திருப்ப ஆள் போதாததால் தானே இடுப்புப் பக்கம் பிடித்தார். உடம்பு முறுகாமல் எல்லோரும் ஒரே மூச்சில் உருட்டினோம். பிறகு கன்னியம்மாவை அழைத்தார். “செவப்பா இருக்கற இடத்துல விரலை வச்சு அழுத்தி எடு. வெளுக்குதா?”

“வெளுத்துட்டு மறுபடி செவக்குது மேடம்.”

“அப்ப இன்னும் கெடல. வெளுக்காம நின்னா உடனே சிஸ்டரைக் கூப்பிடு.”

அதற்குப் பிறகு கன்னியம்மா எங்களை உட்காரவிடவில்லை. திருப்பும் நேரம் கொஞ்சம் தாண்டினாலும் டூட்டி ரூம் வாசலில் வந்து நிற்பார். சிவப்பு மறைந்தது. ஆபரேஷன் சொன்ன நாளில் நடந்தது.

நாங்கள் மேடத்துக்குக் கைகொடுக்கப் போனோம். “ஒருத்தர் முதுகை வச்சு முடிவு கட்டாதீங்க. வார்டு முழுக்க இப்படியே செஞ்சு பாருங்க. நான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சா, அதையும் வந்து சொல்லுங்க” என்றார். ஜெயித்த அன்றைக்கே அப்படிச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்.

நானும் பிற்பாடு பலருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒன்று தவறென்று இன்றைக்கு ஒரு சின்னப் பெண் வந்து சொன்னால், எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் நோயாளி மேலிருந்து முதலில் கையை எடுத்துவிடுவேன்.