ஆறாவது கிளாஸ்

இன்றைக்கும் யாராவது வாசனை மெழுகுவர்த்தியைப் பரிசாகக் கொடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அலுவலகத்தில் தீபாவளிக்கு ஒன்று கொடுத்தார்கள். மூடியைத் திறந்ததுமே வனிலா வாசனை. ஐந்தாம் வகுப்பு படித்த வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் மூக்கில் ஏறிவிட்டன. அப்படியே மூடி, மேசையின் அடி இழுப்பறைக்குள் தள்ளிவிட்டேன்.

அப்போது நாங்கள் பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் மாடி வீடு ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. அம்மா எலெக்ட்ரானிக் சிட்டியில் பல டவர்கள் கொண்ட ஒரு பெரிய அபார்ட்மென்டில் இரண்டு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்துவிட்டு வருவாள். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். முதலில் வந்த இடத்தார் எல்லாம் பேசி முடித்தபின், பெண்ணின் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவள் என்று தெரிந்ததும் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் அடுத்த இடத்துக்கு, அம்மா ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் என்று தரகரிடம் சொல்லி வைத்தார்கள். பையன் லேப் டெக்னீசியன். அவருடைய போட்டோவை அக்கா தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். அது எனக்கு மட்டும் தெரியும்.

சூப்பர்வைசர் வீட்டில் டீயை எதில் கொடுப்பது என்பது அம்மாவின் கவலை. எங்கள் எவர்சில்வர் டம்ளர்களில் இரண்டு ஒரே மாதிரி இருக்காது. எல்லாம் யார் யார் வீட்டு விசேஷத்திலோ வந்தவை, ஒவ்வொன்றிலும் வேறொரு பெயர் வெட்டியிருக்கும். அம்மா வேலை செய்த வீட்டு மேடம் ஒருவர் ஓயாமல் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர். முக்கால்வாசி எரிந்ததும் கிளாஸோடு குப்பையில் போடச் சொல்லிவிடுவார். கனமான, அழகான கண்ணாடி கிளாஸ். அம்மா அதைப் பழைய துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆறு சேர்ந்தால் ஒரு செட்.

மெழுகை எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் காலி மனையில் விளையாடுவார்கள், நான் மட்டும் கத்தியும் கையுமாகச் சமையலறையில் உட்கார்ந்திருப்பேன். கத்தியால் குத்தினால் பொடிப்பொடியாக வரும், கிளாஸில் கீறல் விழுந்தால் அம்மா கத்துவாள். வெந்நீர் ஊற்றினால் மெழுகு உருகி மேலே மிதக்கும், ஆறினதும் மறுபடி கிளாஸைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். திரி நிற்பதற்காக அடியில் ஒட்டியிருக்கும் தகரத் துண்டு இருக்கிறதே, அது என் ஜென்ம விரோதி. இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். ஒருமுறை உருகின மெழுகைத் தண்ணீரோடு சிங்க்கில் ஊற்றிவிட்டேன். அது குழாய்க்குள் போய் உறைந்து, கீழே ஓனரம்மாவின் துணி துவைக்கும் இடத்திலும் தண்ணீர் தேங்கிவிட்டது. "ஏனம்மா இது, நீரு ஹோக்தில்லா?" என்று, தண்ணீர் போகாததைக் கேட்க அவர் படியேறி வந்து நின்றார். அம்மா அவரிடம் கன்னடத்தில் கெஞ்சினாள், என்னைத் தமிழில் திட்டினாள். அந்த டம்ளர்களிலேயே டீ கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்டதற்கு, முதுகில் ஒன்று கிடைத்தது.

ஆறாவது கிளாஸ் அவர்கள் வருவதற்கு முந்தின நாள்தான் கிடைத்தது. எனக்கு வெறுத்துப் போயிருந்தது. மேலாகச் சுரண்டினேன். அடியில் தகரத்தைச் சுற்றி இருந்ததை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

"தபாரு, அபார்ட்மென்ட், மேடம்னு எதுனா வாயத் தொறந்த, சூடு வெச்சிருவேன்" என்று அம்மா மிரட்டி வைத்தாள்.

ஆறு பேர் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி முடிந்து அக்கா டீ கொண்டுவந்தாள். ஆறு கிளாஸும் தட்டில் பளபளவென்று நின்றன. அம்மா முகத்தில் சூப்பர்வைசர் களையே வந்துவிட்டது. பையனின் அம்மா ஒரு வாய் குடித்தார். கிளாஸை மூக்கருகில் கொண்டுபோனார். டீயின் மேல் மெழுகு வட்டமாகப் படர்ந்திருந்ததை நான் பார்த்தேன். அவருக்குப் போயிருந்தது அந்த ஆறாவது. அவர் எழுந்து, கிளாஸோடு சமையலறைக்குள் போனார். அம்மா பின்னாலேயே ஓடினாள். நான் கதவருகில் ஒட்டிக்கொண்டேன். அக்காவின் கல்யாணம் என்னால்தான் நின்றது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சுடுதண்ணி ஊத்துனீங்களா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"சுடுதண்ணில சரியா வராதுங்க. நான் வேலை செய்ற வூட்லயே, மேடம் வெளிய போனதும் ஃப்ரீசர்ல வெச்சிடுவேன். ஒரு மணி நேரத்துல தானா கழண்டுக்கும். வூட்ல எட்டு வெச்சிருக்கறேன்."

தரகர் எங்களிடம், பையனின் அம்மா வீட்டோடுதான் இருக்கிறார் என்று சொல்லியிருந்தார்.

அம்மா மெல்ல நிமிர்ந்தாள். "அந்தப் பெரிய அபார்ட்மென்டா? எந்த டவருங்க?"

"நாலாவது. நீங்க?"

"ரெண்டாவது."

இருவரும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பஜ்ஜிப் புகை என்று நினைத்தேன். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மணி நேரத்தில் தானாகக் கழன்றுவிடுமாம்! என் இரண்டு விரல், முதுகில் வாங்கின அடி, அடைத்துக்கொண்ட குழாய், இத்தனைக்கும் என்ன பதில்? வாயைத் திறந்தால் சூடு வைப்பேன் என்றவள், தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

கோபத்தோடு கூடத்துக்கு வந்தேன். அங்கே அப்பாவும் தரகரும் மற்றவர்களும் நட்சத்திரம், பொருத்தம் என்று இன்னும் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா அறைக் கதவுக்குப் பின்னால் நின்று, என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டாள்.

முதலில் வந்த இடத்தாரும் இது தெரிந்துதானே போனார்கள். "எல்லாம் போச்சு, அவுங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றேன். அக்கா அழ ஆரம்பித்தாள்.